கோப்புகளை வைத்திருப்பதும் களஞ்சியம் நடத்துவதும்: வாசகர் கேள்வி–பதில்

டிஜிட்டல் களஞ்சியங்கள் குறித்து நூலகர்கள், ஆய்வு மாணவர்கள், மென்பொருள் பணியாளர்கள் ஆகியோர் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் விடையளிக்கிறேன். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் அவற்றை ஒன்றாக்கியிருக்கிறேன்.

ஸ்கேன் செய்த பி.டி.எஃப். கோப்புகளை ஒரு சர்வரில் ஆண்டுவாரியாகக் கோப்புறைகளில் அடுக்கி, எங்கள் நூலக இணையதளத்தில் இணைப்பும் கொடுத்திருக்கிறோம். இதைக் களஞ்சியம் என்று சொல்லலாமா? – ஒரு நூலகர்

நீங்கள் செய்திருப்பது பயனுள்ள பணி. ஆனாலும் அந்த ஏற்பாட்டிடம் சில கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். ஒரு குறிப்பிட்ட கோப்பை யார், எந்த நாளில், எந்த உரிமத்தின்பேரில் சேர்த்தார் என்பதற்குப் பதிவு இருக்கிறதா? இன்று வாசகர் திறக்கும் கோப்பில், சேர்த்த நாளிலிருந்து ஒரு பிட்கூட மாறவில்லை என்று எதைக் காட்டி உறுதி கூறுவீர்கள்? கோப்புறைகளுக்குப் பெயரிட்ட ஊழியர் பணி ஓய்வு பெற்றபின் அந்தப் பெயர்களின் பொருள் யாருக்குத் தெரியும்? இணையதளத்தைப் புதுப்பித்தால் பழைய இணைப்புகள் என்னவாகும்? இவற்றுக்கு விடை இல்லையென்றால் உங்களிடம் இருப்பது கோப்புக் கிடங்குதான்.

ஒரு பொருளை ஏற்றுக்கொண்ட நிறுவனம், அதைச் சேர்த்தவரும் அதை ஏற்ற ஊழியரும் அப்போது பயன்பட்ட மென்பொருளும் மறைந்த பின்னரும் அது கண்டெடுக்கப்படும், புரிந்துகொள்ளப்படும், மாறாதது என்று மெய்ப்பிக்கப்படும் எனப் பொறுப்பேற்பதையே களஞ்சியம் என்ற சொல் குறிக்கிறது. 1995-இல் ராபர்ட் கானும் ராபர்ட் விலென்ஸ்கியும் எழுதிய கட்டுரை, தரவும் அதற்கே உரிய தனித்த அடையாளமும் சேர்ந்ததை 'டிஜிட்டல் பொருள்' என்று வரையறுத்தது; அத்தகைய பொருள்களை ஏற்றுவைத்து, வரையறுத்த நெறிமுறை வழியாக வழங்கும் அமைப்பைக் களஞ்சியம் என்றது. நடைமுறை அதற்குச் சற்று முன்பே தொடங்கிவிட்டது. 1991 ஆகஸ்டில் இயற்பியலாளர் பால் கின்ஸ்பார்க், லாஸ் அலமாஸ் ஆய்வுக்கூடத்தில் மின்னஞ்சல் வழியே இயங்கும்படி தொடங்கிய 'ஆர்க்கைவ்' என்ற ஆய்வுக் கட்டுரைக் களஞ்சியம் 2001-இல் கார்னெல் பல்கலைக்கழகத்துக்கு இடம்பெயர்ந்தது. கணினிகளும் மென்பொருளும் பலமுறை மாறிவிட்டன. தொடக்க ஆண்டுகளில் கட்டுரைகளுக்குக் கொடுத்த எண்கள் இன்றும் அதே கட்டுரைகளைத்தான் திறக்கின்றன.

களஞ்சியப் பயிற்சிகளில் 'ஓ.ஏ.ஐ.எஸ்.' என்ற மாதிரியைப் பற்றிச் சொல்கிறார்கள். ஒரு கோப்பு உள்ளே வரும்போது உண்மையில் என்ன நடக்கிறது? – நூலக அறிவியல் மாணவி

'திறந்த காப்பகத் தகவல் அமைப்பு' என்பதன் ஆங்கிலச் சுருக்கமே ஓ.ஏ.ஐ.எஸ். இந்த மாதிரி விண்வெளித் துறையிலிருந்து வந்தது. செயற்கைக்கோள் ஒரு நாளில் பதிந்த அளவீட்டை இன்னொரு நாளில் மீண்டும் பதிய முடியாது, இழந்தால் இழந்ததுதான். அதனால் விண்வெளி நிறுவனங்களின் தரவு அமைப்புகளுக்கான பன்னாட்டு ஆலோசனைக் குழு, நீண்டகாலக் காப்பகம் ஒன்று என்னென்ன செய்ய வேண்டும் என்பதைத் தொகுத்து 2002-இல் வெளியிட்டது. அடுத்த ஆண்டே அது ஐ.எஸ்.ஓ. 14721 என்ற தரநிலையாயிற்று. எந்த மென்பொருளை வாங்குவது என்பதை அது சொல்வதில்லை. உள்வாங்கல், காப்புச் சேமிப்பு, தரவு மேலாண்மை, நிர்வாகம், பாதுகாப்புத் திட்டமிடல், அணுகல் என ஆறு செயல்பாடுகளை வகுத்து, அவற்றுக்கிடையே தகவல் எப்படிக் கைமாறுகிறது என்பதை விளக்குகிறது. அப்படிக் கைமாறும் தகவல் மூன்று வகைப் பொதிகளாகப் பிரிகிறது: சேர்ப்பவர் ஒப்படைப்பது சமர்ப்பிப்புப் பொதி, களஞ்சியம் உள்ளே வைத்துக் காப்பது காப்புப் பொதி, வாசகர் கையில் கிடைப்பது வழங்கல் பொதி. இந்த மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்பதைப் புரிந்துகொண்டால் மாதிரியின் பெரும்பகுதி விளங்கிவிடும். ஒரு பக்கத்தின் உயர்தர டிஃப் படம் காப்புப் பொதியில் இருக்கலாம். வாசகர் திரையில் பார்ப்பது அதிலிருந்து உருவாக்கிய சிறிய ஜேபெக் படமாக இருக்கலாம்.

என் மதிப்பீட்டில், ஆறிலும் அதிக உழைப்பைக் கோருவது உள்வாங்கல். கோப்பு வந்ததும் வைரஸ் சோதனை நடக்க வேண்டும். பிறகு அதன் வடிவத்தை அடையாளம் காண வேண்டும்; பெயரின் இறுதியிலுள்ள பின்னொட்டை நம்பக் கூடாது, ஏனெனில் அதை யார் வேண்டுமானாலும் மாற்றிவிட முடியும். பிரிட்டனின் தேசிய ஆவணக் காப்பகம் பராமரிக்கும் 'ப்ரோனம்' பதிவேடு, ஒவ்வொரு வடிவத்தின் உள்ளிருக்கும் பைட் அடையாளங்களைப் பட்டியலிட்டு வைத்திருப்பது இந்தத் தேவைக்காகவே. அடுத்து, கோப்பு அந்த வடிவத்தின் இலக்கணத்துக்கு உட்பட்டிருக்கிறதா, கடவுச்சொல்லால் பூட்டப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பூட்டிய பி.டி.எஃப். கோப்பை அப்படியே ஏற்றுக்கொண்டு, பத்தாண்டு கழித்துச் சாவியைத் தேடுவது மிகவும் வருத்தமான வேலை.

அதன்பின் செக்சம் கணக்கிடப்படுகிறது. கோப்பிலுள்ள எல்லா பிட்டுகளையும் ஒரு கணித வழிமுறைக்குள் செலுத்திப் பெறும் குறுகிய எழுத்துத் தொடர் இது, எஸ்.எச்.ஏ.-256 என்ற முறையில் 64 எழுத்துக்குறிகளைக் கொண்டிருக்கும். கோப்பில் ஒரே ஒரு பிட் மாறினாலும் இத்தொடர் முற்றிலும் வேறாகிவிடும். உள்வாங்கும்போது ஒருமுறை கணக்கிட்டு நிறுத்திவிட்டால் பயனில்லை. குறித்த இடைவெளியில் மீண்டும் மீண்டும் கணக்கிட்டு ஒப்பிட வேண்டும். அதோடு, செக்சத்தைக் கோப்பின் பக்கத்திலேயே வைத்துவிட்டு நிம்மதியடையக் கூடாது. கோப்பை மாற்றக்கூடிய ஒருவரால் பக்கத்தில் இருக்கும் செக்சத்தையும் மாற்ற முடியும். ஒரு பிரதியாவது வேறொருவர் பொறுப்பில், வேறோர் இடத்தில் இருக்கட்டும்.

பிட்டுகள் பத்திரமாக இருந்தும் பொருள் தொலைந்துபோவது உண்டு. அளவீடுகள் நிரம்பிய அட்டவணை ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது நெடுவரிசையின் தலைப்பு 'வெ2' என்றிருக்கிறது; அது வெப்பமா, வெளிச்சமா, எந்த அலகில் அளந்தது என்று எங்கும் எழுதியில்லை. எண்கள் ஒவ்வொன்றும் சரியாகவே இருந்தாலும் அந்தத் தரவால் யாருக்கும் பயனில்லை. ஆகவேதான் இந்த மாதிரி, எந்த வாசகர் குழுவுக்காகக் காக்கிறோம் என்று முதலில் வரையறுக்கச் சொல்கிறது; அக்குழு பிறர் உதவியின்றிப் புரிந்துகொள்வதற்கான விளக்கத்தையும் தரவோடு சேர்த்தே காக்கச் சொல்கிறது.

நாள்தோறும் பேக்கப் எடுக்கிறோம். அது போதாதா?

போதாது. பேக்கப் நேற்றைய நிலையை மீட்டுத் தரும். மூன்று மாதங்களுக்கு முன்பே சிதைந்துபோன கோப்பை, யாரும் கவனிக்கவில்லையென்றால், சிதைந்தபடியே நகலெடுத்துக்கொண்டிருக்கும். குறைந்தது மூன்று பிரதிகள், ஒரே வகையாக இல்லாத சேமிப்புச் சாதனங்கள், தொலைவில் ஒரு பிரதி, இவற்றோடு பிரதிகளை ஒன்றோடொன்று ஒப்பிடும் வழக்கம் ஆகியவை வேண்டும். 1999-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் தொடங்கிய 'லாக்ஸ்' திட்டம் இந்தக் கடைசி அம்சத்தை அழகாகச் செய்கிறது: பல நூலகங்களில் உள்ள கணினிகள் தத்தம் பிரதியைப் பற்றி வாக்களிக்க, மாறுபட்டு நிற்கும் பிரதி பெரும்பான்மையைப் பார்த்துத் தன்னைத் திருத்திக்கொள்கிறது.

களஞ்சிய மென்பொருளின் கட்டமைப்பை எப்படிப் புரிந்துகொள்வது? எந்தப் பகுதியை எவ்வளவு கவனத்தோடு பாதுகாக்க வேண்டும்? – சர்வர் நிர்வாகி

பரவலாகப் பயன்படும் டி-ஸ்பேஸ் மென்பொருளையே எடுத்துக்கொள்வோம். எம்.ஐ.டி. நூலகங்களும் ஹியூலெட்-பேக்கார்ட் நிறுவனமும் சேர்ந்து 2002-இல் வெளியிட்டது இது. இதில் கோப்புகள் சேமிப்புக் கிடங்கில் உள்பெயராக ஒரு நீண்ட எண்ணோடு கிடக்கும். தலைப்பு, ஆசிரியர், அனுமதிகள், எந்தக் கோப்பு எந்த உருப்படிக்கு உரியது என்ற உறவுகள் ஆகியவை போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தில் இருக்கும். விரைவாகத் தேடுவதற்கான அட்டவணையை சோலர் என்ற தேடுபொறி வைத்திருக்கும். 2021-இல் வந்த ஏழாம் பதிப்பிலிருந்து வாசகர் பார்க்கும் திரை தனி மென்பொருளாகப் பிரிக்கப்பட்டு, ஒரு நிரலிடைமுகம் (மென்பொருள்கள் தமக்குள் கேட்டுப் பதில் பெறும் வழி) வழியாகவே பின்னணியில் இயங்கும் சர்வரோடு பேசுகிறது. அந்த இடைமுகம் திறந்திருப்பதால் வேறொரு நிறுவனத்தின் மென்பொருளும் உங்கள் களஞ்சியத்தைக் கேட்டுப் பதில் பெற முடியும்.

இந்த அடுக்குகளை நான் எப்போதும் ஒரே கேள்வியை வைத்து மதிப்பிடுவேன்: இது இன்றிரவு அழிந்துபோனால் நாளை எதைக் கொண்டு மீட்பேன்? திரை அழிந்தால் மென்பொருளை மறுபடி நிறுவினால் முடிந்தது. தேடல் அட்டவணை அழிந்தால் தரவுத்தளத்திலிருந்தும் கோப்புகளிலிருந்தும் மீண்டும் உருவாக்கலாம். சில மணி நேரமோ சில நாளோ ஆகும். தரவுத்தளம் அழிந்தால்தான் சிக்கல். நான் முன்பு பணியாற்றிய ஒரு நிறுவனத்தில் தரவுத்தளத்தை இரண்டு நாள் பழைய பேக்கப்பிலிருந்து மீட்க நேர்ந்தது. அந்த இரண்டு நாளில் சேர்ந்த கோப்புகள் அனைத்தும் கிடங்கில் நலமாகவே இருந்தன. ஆனால் எண்களை மட்டும் பெயராகக் கொண்ட அந்தக் கோப்புகளில் எது யாருடையது, எது பொதுமக்கள் பார்க்கத்தக்கது, எது மறைத்து வைக்க வேண்டியது என்று சொல்ல யாராலும் இயலவில்லை. ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துத்தான் மறுபடியும் பதிந்தோம்.

அந்த அனுபவத்துக்குப் பிறகு, ஒரு பொருளைப் பற்றிய முக்கியமான விவரங்கள் தரவுத்தளத்தில் மட்டும் வாழக் கூடாது, பொருளோடு சேர்ந்தும் எழுதப்பட்டிருக்க வேண்டும் என்பதில் உறுதியாக இருக்கிறேன். டி-ஸ்பேஸில் ஒவ்வோர் உருப்படியையும் விவரங்களோடு காப்புப் பொதியாக ஏற்றுமதி செய்யும் வசதி இருக்கிறது, பயன்படுத்துங்கள். கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1997-இல் உருவான ஃபெடோரா கட்டமைப்பு இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. அதன் ஆறாம் பதிப்பு, 2020-இல் வெளியான 'ஓ.சி.எஃப்.எல்.' என்ற அடுக்குமுறையை ஏற்று, ஒவ்வொரு பொருளுக்கும் தனிக் கோப்புறை, அதனுள் ஒவ்வொரு பதிப்பு, எல்லாவற்றுக்கும் செக்சத்தோடு கூடிய ஒரு சரக்குப் பட்டியல் என எழுதிவைக்கிறது. மென்பொருளே இல்லாமல் போனாலும் கோப்புறைகளைத் திறந்து படிக்கும் ஒருவரால் களஞ்சியத்தை மீட்டுவிட முடியும்.

டப்ளின் கோரின் 15 புலங்களை நிரப்பினால் மீதரவு வேலை முடிந்துவிடுமா?

தரவைப் பற்றிய தரவுதான் மீதரவு. 1995-இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்திலுள்ள டப்ளின் நகரில் நடந்த பயிலரங்கிலிருந்து வளர்ந்த, தலைப்பு, ஆசிரியர், தேதி போன்ற இந்த 15 புலங்கள், துறை வேறுபாடின்றி எவரும் எவருக்கும் புரியும்படி பேசுவதற்கான குறைந்தபட்ச மொழி. எல்லாப் புலங்களும் விருப்பத்துக்குரியவை, எதையும் மீண்டும் மீண்டும் இடலாம் என்ற நெகிழ்ச்சியே அதன் பலம். குறையும் அதிலிருந்தே பிறக்கிறது. 'தேதி' என்ற புலத்தில் ஒருவர் எழுதி முடித்த நாளையும், இன்னொருவர் வெளியான நாளையும், மூன்றாமவர் களஞ்சியத்தில் சேர்த்த நாளையும் இட்டுவிட்டால், ஆண்டுவாரித் தேடல் நம்பத்தகாததாகிவிடுகிறது. பெயர்கள் இன்னும் கடினம். தலைப்பெழுத்து முன்னே, பின்னே, விரித்து, சுருக்கி என ஒரே ஆசிரியர் நான்கு பேராகப் பட்டியலில் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். 2012-இல் தொடங்கிய 'ஆர்க்கிட்' அமைப்பு ஆய்வாளர்களுக்கு 16 இலக்க அடையாளம் வழங்குவது இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான். எந்தப் புலத்தில் எதை எந்த வடிவத்தில் இடுவது என்று இரண்டு பக்கத்துக்கு ஒரு விதிக்குறிப்பு எழுதி, எல்லா ஊழியரும் அதையே பின்பற்றுவது விலையுயர்ந்த மென்பொருளைவிடப் பயன் தரும்.

விவர மீதரவு தவிர, கோப்பின் தொழில்நுட்ப விவரம், உரிமை விவரம், அந்தப் பொருளுக்கு இதுவரை என்னென்ன நேர்ந்தது என்ற பாதுகாப்பு வரலாறு ஆகியவையும் வேண்டும். கடைசியாகச் சொன்னதற்கு 2005-இல் வந்த 'பிரீமிஸ்' அகராதி வழிகாட்டுகிறது.

மீதரவில் நேரும் பிழை உங்கள் வாசலோடு நிற்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2001-இல் அறிமுகமாகி 2002-இல் இரண்டாம் பதிப்பாக நிலைபெற்ற 'ஓ.ஏ.ஐ.-பி.எம்.எச்.' என்ற அறுவடை நெறிமுறை, வெறும் ஆறு வகைக் கேள்விகளைக் கொண்டே ஒரு களஞ்சியத்தின் பதிவுகள் முழுவதையும் வேறொரு தேடல் சேவை சேகரித்துக்கொள்ள உதவுகிறது. இதைப் பின்பற்றும் களஞ்சியங்கள் டப்ளின் கோர் வடிவத்திலாவது விடையளித்தே ஆக வேண்டும். அவ்வழியாக நல்ல பதிவும் பரவுகிறது, தவறான பதிவும் பரவுகிறது.

ஆய்வேட்டில் நான் கொடுத்த இணைப்புகளில் பல இப்போது திறப்பதில்லை. களஞ்சியங்கள் இதை எப்படித் தவிர்க்கின்றன? – ஆய்வு மாணவர்

நீங்கள் எதிர்கொண்டது உலகளாவிய நோய். ஹார்வர்டு சட்டப் பள்ளியைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2013-இல் ஆராய்ந்தபோது, அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளில் மேற்கோளாகக் கொடுக்கப்பட்ட இணைய இணைப்புகளில் ஏறத்தாழ 50 விழுக்காடு, முதலில் சுட்டிய தகவலுக்கு இட்டுச் செல்லவில்லை என்று கண்டார்கள். தீர்ப்பின் சான்றே காணாமல் போகிறது என்பது எனக்குப் பெரும் கவலை தருகிறது.

தீர்வு, பொருளின் பெயரையும் அது இருக்கும் இடத்தையும் பிரிப்பது. 'ஹேண்டில்', அதன்மீது கட்டப்பட்ட டி.ஓ.ஐ. ஆகிய அமைப்புகளில் பொருளுக்கு மாறாத ஓர் அடையாளம் வழங்கப்படுகிறது. அந்த அடையாளம் இப்போது எந்த முகவரியைக் குறிக்கிறது என்று ஒரு பொதுப் பதிவேடு சொல்கிறது. சர்வர் மாறினால் பதிவேட்டில் முகவரியை மட்டும் திருத்தினால் போதும், உலகெங்கும் அச்சாகிவிட்ட மேற்கோள்கள் அப்படியே வேலை செய்யும். திருத்த ஆள் இல்லையென்றால் டி.ஓ.ஐ.யும் உடைந்த இணைப்புதான். அதன் நிலைத்தன்மை நிறுவனத்தின் கடமையுணர்வில் இருக்கிறது. களஞ்சியம் நடத்துவோருக்கு மேலும் ஒரு வார்த்தை: அடையாளத்துக்குள் துறையின் பெயரையோ திட்டத்தின் பெயரையோ நுழைக்காதீர்கள். துறைகள் பிரியும், சேரும், பெயர் மாறும். பொருளற்ற எண்ணே நெடுநாள் நிற்கும்.

களஞ்சியத்தில் சேர்த்தால் எல்லோரும் உடனே பார்த்துவிடுவார்களா?

அவ்வாறில்லை. காப்பதும் காட்டுவதும் தனித்தனிச் செயல்பாடுகள். மீதரவை உடனே வெளியிட்டு, கோப்பை மட்டும் குறித்த நாள்வரை மூடிவைக்கும் தடைக்காலம் எல்லா முதன்மை மென்பொருள்களிலும் உண்டு. தடைக்காலம் முடியும் நாளை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். 'பிறகு சொல்கிறேன்' என்று விடப்பட்டவை திறக்கப்படாமலே இருந்துவிடுகின்றன.

ஆசிரியர் ஒருவர் தம் கட்டுரையை நீக்கிவிடும்படி கேட்கிறார். நீக்கலாமா? – களஞ்சியப் பொறுப்பாளர்

முதலில் காரணத்தைக் கேளுங்கள். பிழையைத் திருத்துவதுதான் நோக்கமென்றால் புதிய பதிப்பைச் சேர்த்து, பழையதையும் 'இதற்குத் திருத்தம் உண்டு' என்ற குறிப்போடு விட்டுவைப்பதே முறை. பழைய பதிப்பை மேற்கோள் காட்டியவர்களுக்கு அவர்கள் படித்தது எது என்று தெரிய வேண்டும். பதிப்புரிமை மீறலோ தனிநபரின் அந்தரங்கமோ காரணமாக இருந்தால் கோப்பைப் பொதுப்பார்வையிலிருந்து உடனே எடுத்துவிட வேண்டும், அதில் தயக்கம் கூடாது. ஆனால் அப்போதும் அடையாளத்தை அழிக்காதீர்கள். அந்த இணைப்பில் வருபவருக்கு, இங்கே இன்ன தலைப்பில் ஒரு பொருள் இருந்தது, இன்ன நாளில், இன்ன வகைக் காரணத்தால் விலக்கப்பட்டது என்று சொல்லும் ஒரு நடுகல் பக்கம் இருக்கட்டும். அறுவடை நெறிமுறையிலும் நீக்கப்பட்ட பதிவு என்ற நிலையை அறிவிக்க வழி இருக்கிறது. அதை அறிவிக்காவிட்டால், நீங்கள் விலக்கியது பிற தேடல் சேவைகளில் தொடர்ந்து காட்டப்பட்டுக்கொண்டிருக்கும்.

பத்து, இருபது ஆண்டுகளில் மென்பொருளும் கோப்பு வடிவங்களும் வழக்கொழிந்துவிடுமே, அப்போது என்ன செய்வது? – பலர்

நியாயமான அச்சம். 1086-இல் இங்கிலாந்தில் எடுக்கப்பட்ட டூம்ஸ்டே நிலக் கணக்கெடுப்பின் 900-ஆம் ஆண்டை ஒட்டி, பி.பி.சி. 1986-இல் அந்நாட்டு மக்களின் வாழ்க்கையைப் படங்களும் எழுத்துமாகத் திரட்டி லேசர் வட்டுகளில் வெளியிட்டது. அவ்வட்டுகளைப் படிக்கத் தனிவகைக் கருவியும் அக்காலத்துக் கணினியும் வேண்டும். இரண்டும் அரிதாகிவிட்டதால், 2002 வாக்கில் அந்தத் தொகுப்பே படிக்க இயலாமல் போய்விடும் என்ற நிலை வந்தது. தோலில் கையால் எழுதிய 11-ஆம் நூற்றாண்டு ஏட்டை அப்போதும் படிக்க முடிந்தது. லீட்ஸ், மிச்சிகன் பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் பழைய கணினியைப் போலவே நடந்துகொள்ளும் மென்பொருளை எழுதி அதற்கு மீண்டும் உயிர் கொடுத்தார்கள்.

அது ஒரு வழி: பழைய சூழலைப் புதிய கணினியில் போலச்செய்தல். விளையாட்டுகள், ஊடாடும் வட்டுகள் போன்றவற்றுக்கு அதுவே பொருந்தும். எழுத்து, படம், அட்டவணை ஆகியவற்றுக்கு இன்னொரு வழி எளிது: வடிவம் வழக்கொழியும் அறிகுறி தென்பட்டதும் புதிய வடிவத்துக்கு மாற்றுதல். இலக்கணம் பொதுவில் வெளியிடப்பட்ட, பல மென்பொருள்களால் படிக்கப்படும் வடிவங்களைத் தொடக்கத்திலேயே தேர்ந்தெடுத்தால் இந்தத் தேவை குறையும். 2005-இல் ஐ.எஸ்.ஓ. தரநிலையான பி.டி.எஃப்.-ஏ, எழுத்துருக்களைக் கோப்புக்குள்ளேயே பொதிந்துவைக்கக் கட்டாயப்படுத்துவது இதனால்தான். தனி எழுத்துருவை நம்பித் தட்டச்சு செய்த பழைய கோப்புகள், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் குறிகளாகத் தெரிவதைக் கண்டவர்களுக்கு அதன் அருமை புரியும். எந்த மாற்றம் செய்தாலும் முதலில் வந்த கோப்பை அழிக்காதீர்கள். மாற்றத்தில் எதை இழந்தோம் என்பது சில நேரம் மிகவும் தாமதமாகத்தான் தெரியவரும்.

களஞ்சிய மென்பொருளைப் பொறுத்தவரை, அதைத் தேர்ந்தெடுக்கும் நாளிலேயே அதிலிருந்து வெளியேறும் வழியையும் சோதித்துவிடுங்கள். கோப்புகளையும் அவற்றின் செக்சப் பட்டியலையும் எளிய கோப்புறையாகக் கட்டித் தரும் 'பேக்-இட்' என்ற முறை 2018-இல் ஆர்.எஃப்.சி. எனப்படும் இணைய நெறிமுறை ஆவண வரிசையில் 8493 என்ற எண்ணில் பதிவாகியிருக்கிறது. வெவ்வேறு களஞ்சியங்களுக்கிடையே பொருள்களை மாற்றிக்கொள்ள அது நன்கு உதவுகிறது. உங்கள் தொகுப்பு ஒன்றை அவ்வாறு வெளியே எடுத்து, அந்த மென்பொருளை ஒருபோதும் கண்டிராத ஒருவரிடம் கொடுங்கள். எந்தக் கோப்பு எது, யார் எழுதியது, எந்த உரிமத்தில் உள்ளது என்று அவர் உங்களைக் கேட்காமல் பட்டியலிட முடிகிறதா என்று பாருங்கள். அவர் உங்களிடம் கேட்கும் ஒவ்வொரு சந்தேகத்தையும் குறித்துவைத்து, அதற்கான விடையைப் பொதிக்குள் எழுதிச் சேர்த்துவிட்டு, அடுத்த ஆண்டு வேறொருவரிடம் மறுபடியும் கொடுத்துப் பாருங்கள்.